எஞ்சியிருப்போரின் பாடசாலை

நாட்டின் கல்வி நிலையை அறிய விரும்புவோர் முதலில் நோக்குவது பெரிய கல்லூரிகளையே. பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாளில் பத்திரிகைகள் தேடிச் செல்வதும் அக்கல்லூரிகளின் வாயிலைத்தான். ஆயின் இலங்கையிலுள்ள ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகளுள், ஏழில் ஒன்று எனத்தக்க அளவில், ஐம்பது மாணவர்களுக்கு மேல் இல்லாத சிறு பாடசாலைகளும் இருக்கின்றன. பெறுபேறு வெளியாகும் நாளிலும் இவற்றை எவரும் நாடிச் செல்வதில்லை. நான் ஆறு வயது முதல் பத்து வயது வரை கற்றது அத்தகையதொரு பாடசாலையிலேயாகும்.

மாணவர் குறைந்த பாடசாலை தரங்குறைந்தது என்றும், தரம் குறைந்தமையாலேயே மாணவர் அதனை விட்டகல்கின்றனர் என்றும் பொதுவாகப் பேசப்படுகிறது. இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. எனினும் எது முன், எது பின் என்ற வினாவை எழுப்பிப் பார்ப்போர் சிலரே. எங்கள் ஊர்ப் பாடசாலை தேய்ந்த வரலாற்றை அறிந்தவள் என்ற முறையிலும், அதனை விட்டு வந்தோருள் ஒருத்தி என்ற முறையிலும் அவ்வினாவை இங்கே எழுப்ப விரும்புகிறேன்.

எங்கள் ஊர் புங்குடுதீவு. யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, மண்டைதீவுச் சந்தியும் வேலணையும் தாண்டி, இரு மருங்கிலும் கடல் அலம்பும் வாணர் தாம்போதியில் நெடுந்தூரம் சென்றால் தீவின் முகப்பு தென்படும். மறுகோடியிலே குறிகட்டுவான் இறங்குதுறை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் அங்கேதான் படகேறுவர். பன்னிரண்டு வட்டாரங்களாகப் பகுக்கப்பட்ட இந்தத் தீவில் நன்னீர் அரிது, நெல்வயல் சிறிது, பனையும் கடலுமே பெருஞ்செல்வம். மண் ஊட்டாததனால் மக்கள் வணிகத்தை நாடினர். தென்னிலங்கைப் பட்டினங்கள் பலவற்றிலும் கொழும்பின் கடைத்தெருக்களிலும் புங்குடுதீவார் கடைகள் எழுந்தன. கடையில் ஈட்டிய பணத்தின் ஒரு பகுதி ஊருக்குத் திரும்பிக் கோயிலாகவும் பாடசாலையாகவும் உருப்பெற்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அதனைச் சார்ந்த தீவுகளிலும் பாடசாலைகள் செறிந்திருப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்தனர். அதற்கு எதிர்வினையாக 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1923இல் தோன்றிய சைவ வித்தியாவிருத்திச் சங்கம் அப்பணியைக் கிராமங்களுக்கு எடுத்துச் சென்றது. சமயப் போட்டியால் பிறந்த பாடசாலைகளும், ஊரவர் காணி கொடுத்துக் கிடுகு வேய்ந்து எழுப்பிய பாடசாலைகளும் ஒன்றற்கொன்று கூப்பிடு தொலைவில் நின்றன. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது, இவையனைத்தும் அரசாங்கப் பாடசாலைகளாயின. எங்கள் பாடசாலையின் முதற் கொட்டிலுக்குத் தம் தகப்பனார் பனைமரம் தறித்துக் கொடுத்தார் என்று அப்பாச்சி சொல்வதைச் சிறுவயதில் பலமுறை கேட்டிருக்கிறேன். கொடுத்த மரங்களின் தொகை சொல்லுந்தோறும் கூடிக்கொண்டே போகும். ஆயினும் அந்தப் பாடசாலை தமது என்ற உரிமையுணர்வு அவருடைய பேச்சில் ஒருபோதும் குறைந்ததில்லை.

இத்தகைய ஊர் எவ்வாறு வெறுமையாயிற்று என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1958, 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் தென்னிலங்கைக் கடைகளை அழித்தன. 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகத்தில் நிகழ்ந்த படை நடவடிக்கைகளின்போது மக்கள் இரவோடிரவாகத் தீவைவிட்டு நீங்கினர். சிலர் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் சென்றனர். சிலர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறைகளை வாடகைக்கெடுத்தனர். பலர் கனடாவுக்கும் ஐரோப்பிய நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்தனர். பின்னர் ஊருக்குத் திரும்பியோர் புறப்பட்டோரில் சிறுபகுதியினரே. திரும்பி வந்தோருள்ளும் பெரும்பாலோர் முதியோரும், கடற்றொழிலையும் கூலித்தொழிலையும் நம்பியோரும், வேறிடத்தில் வாழ வசதியற்றோரும் ஆவர். பன்னிரண்டு வட்டாரங்களுக்கும் போதுமான பாடசாலைக் கட்டடங்கள் இருந்தன. அவற்றில் அமர்வதற்குப் பிள்ளைகள் இல்லை.

இந்நிலைக்குப் போரை மாத்திரம் காரணமாகக் கூறிவிடவும் இயலாது. நாடெங்கும் பிறப்பு வீதம் வீழ்ந்து வருகிறது. 2012இல் இலங்கையில் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. 2023இல் அத்தொகை இரண்டரை இலட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. எனவே போர் பெரிதும் தீண்டாத மொனராகலையிலும் குருநாகலிலும் உள்ள சிங்களக் கிராமங்களும் நாளை இதே வினாவை எதிர்நோக்கும். தீவகம் அதனைச் சற்று முந்தி எதிர்நோக்கியது என்பதே உண்மை.

நான் முதலாம் வகுப்பிற் சேர்ந்தது 2009இல். ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோது எங்கள் வகுப்பில் ஏழு பேர் இருந்தோம். மூன்றாம், நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு ஒரே மண்டபம். இடையே தட்டி கிடையாது. ஒரே ஆசிரியை மூன்று கரும்பலகைகளுக்கும் மாறி மாறி நடப்பார். நான்காம் வகுப்பில் இருந்தபோதே ஐந்தாம் வகுப்புப் பாடத்தைக் காதாற் கேட்டுவிட்டேன். ஐந்தாம் வகுப்புக்கு வந்தபின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பெருக்கல் வாய்பாடு சொல்லிக் கொடுத்தேன். ஆசிரியையின் பணிச்சுமை எத்தகையது என்பதை அன்று அறியும் வயது எனக்கில்லை. அவர் நாளும் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்து திரும்புபவர். பஸ் பழுதானால் எங்கள் பாடமும் பழுதாகும். பாடசாலை விடுவதற்கு முன்னரே பஸ் நேரத்தை எண்ணி அவர் கடிகாரத்தைப் பார்ப்பதை நாங்கள் விளையாட்டாக நடித்துக் காட்டுவோம். ஆயினும் எழுத்துப்பிழையின்றி எழுதவும் தடங்கலின்றி வாசிக்கவும் எனக்குக் கற்பித்தவர் அவரே. பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறை வகுப்பில் நான் இன்று அமர்ந்திருப்பதற்கு இட்ட அத்திவாரம் அந்தத் தட்டியில்லா மண்டபத்திலே உள்ளது.

2013இல் நடைபெற்ற புலமைப்பரிசில் பரீட்சையில் எங்கள் எழுவருள் இருவர் சித்தியடைந்தோம். ஊரே மகிழ்ந்தது, மாலை போட்டார்கள், அதிபர் படமெடுத்துச் சுவரில் மாட்டினார். அடுத்த தை மாதத்தில் இருவரும் ஊரில் இல்லை. மற்றவர் யாழ்ப்பாணத்து விடுதியொன்றிற் சேர்ந்தார். நான் தாயாருடனும் தம்பியுடனும் கொழும்புக்கு வந்தேன். கொட்டாஞ்சேனையிற் கடையொன்றில் வேலை பார்த்து வந்த தந்தையார் வெள்ளவத்தையில் சிறுவீடொன்றை வாடகைக்கு எடுத்தார். என்னோடு தம்பியின் பெயரும் இடாப்பிலிருந்து நீங்கியது. சித்தியடையாத ஐவருள் மூவரின் பெற்றோரும் ஓரிரு ஆண்டுகளில் வசதிக்கேற்ப வேறிடங்களுக்குப் போயினர். பாடசாலை தன் கடமையைச் சரிவரச் செய்தமையின் முதற் பயன், அதன் மாணவர் தொகை குறைந்ததேயாகும்.

இதன் பின்னர் நிகழ்வது ஒரு சங்கிலித் தொடர். நாட்டில் ஏறத்தாழ 40 இலட்சம் அரசாங்கப் பாடசாலை மாணவரும், 2,30,000க்கு மேற்பட்ட ஆசிரியரும் உள்ளனர். சராசரி பார்த்தால் பதினேழு மாணவருக்கு ஓர் ஆசிரியர். செல்வந்த நாடுகள் பலவற்றின் கணக்குக்கு இது தாழ்ந்ததன்று. ஆனால் இக்கணக்கை முப்பது பிள்ளைகள் படிக்கும் பாடசாலைக்குப் பிரயோகித்துப் பாருங்கள். இரண்டு ஆசிரியர் போதும் என்று விடை வரும். பிள்ளைகள் முப்பதாயினும் வகுப்புகள் ஐந்து. தமிழ், கணிதம், சுற்றாடல், சமயம், ஆங்கிலம், இரண்டாம் மொழி எனப் பாடங்கள் பல. இரண்டாயிரம் மாணவர் கொண்ட கல்லூரியில் நூற்றியிருபது ஆசிரியரும், முப்பது மாணவர் கொண்ட பாடசாலையில் இருவரும் இருப்பது விகிதத்தில் ஏறத்தாழச் சமம். பிள்ளைக்குக் கிடைக்கும் கல்வியில் அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. அந்த இருவருள் ஒருவர் அதிபர் கடமையையும் பார்க்க வேண்டும். கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ அவர் அழைக்கப்படும் நாளில் பாடசாலை முழுவதும் ஒருவரின் தலையில். அந்த ஒருவரும் பஸ்ஸைத் தவறவிட்டால் பிள்ளைகள் வாசலில் விளையாடிவிட்டு வீடு திரும்புவர்.

இதனைக் கண்ட பெற்றோருள் சற்றே வசதியுடையோர் பிள்ளையை வேறு பாடசாலைக்கு மாற்றுகின்றனர். அவர்களைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. மாணவர் குறைய ஆசிரியர் குறைகின்றனர். ஆசிரியர் குறைய மாணவர் மேலும் குறைகின்றனர். இறுதியில் எஞ்சுவோர் பஸ்ஸுக்குக் காசில்லாதவரின் பிள்ளைகள். பேரப்பிள்ளைகளை வளர்க்கும் முதியோரின் பொறுப்பில் உள்ளோர். சிறப்புக் கவனம் வேண்டிய பிள்ளைகள். மிகச் சிறந்த ஆசிரியர் வேண்டியவர்களுக்கு எவரும் விரும்பாத பாடசாலை மீதமாகிறது. அதன்பின் பெறுபேற்று அட்டவணையை எடுத்துப் பார்த்து, இப்பாடசாலை தரமற்றது என்று தீர்ப்புக் கூறுகிறோம். தரக்குறைவு நோயின் அறிகுறி. அதனையே நோயின் மூலமென்று எண்ணி விடுகிறோம்.

புலமைப்பரிசில் திட்டத்தின் தோற்றத்தை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வியமைச்சராக இருந்த காலத்தில், 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே அவர் தொடங்கிவைத்த மத்திய பாடசாலைகள் அப்பதிற்றாண்டின் முடிவுக்குள் ஐம்பதைக் கடந்தன. நகரத்துக் கல்லூரியின் ஆய்வுகூடமும் நூலகமும் விடுதியும் கிராமத்தின் நடுவே இருக்கவேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். ஐந்தாம் வகுப்புப் பரீட்சை அந்தப் பாடசாலைகளுக்கு ஏழைப் பிள்ளைகளைத் தெரிவதற்காகவே ஏற்பட்டது. மட்டக்களப்பின் வந்தாறுமூலையில் எழுந்த மத்திய கல்லூரியின் வளவிலேதான் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியொன்று தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. கிராமத்திற்குக் கொண்டுபோன கல்வி எத்துணை வளரக்கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? ஆயின் காலப்போக்கில் அப்பரீட்சை நகரத்துப் பெயர்பெற்ற கல்லூரிகளுக்கான வாயிற்சீட்டாக மாறியது. கல்வியைக் கிராமத்துக்குக் கொண்டுவரப் பிறந்த ஏற்பாடு, கிராமத்தின் கெட்டிக்காரப் பிள்ளைகளை நகரத்துக்குக் கொண்டுபோகும் ஏற்பாடாயிற்று.

அவ்வாறு கொண்டுபோகப்படும் இடத்தின் நிலையையும் காண்போம். வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் இன்று அடுக்குமாடிகள் நெருங்கி நிற்கின்றன. காலி வீதியிலே காலை ஆறரை மணிக்குப் பாடசாலை வான்கள் வரிசையாகச் செல்கின்றன. முதலாம் வகுப்பு அனுமதியில் அரைப்பங்கு பாடசாலைக்கு அண்மையில் வசிப்போருக்கு உரியது. ஆகையால் பெயர்பெற்ற கல்லூரியின் அயலில் வீட்டு வாடகை ஏறுகிறது. உறுதி, வாக்காளர் இடாப்பு, மின்கட்டணச் சிட்டை ஆகியவற்றைக் கோப்பில் அடுக்கிக்கொண்டு பெற்றோர் அலைகின்றனர். வகுப்பொன்றில் நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். மாலையில் அப்பிள்ளைகளே தனியார் கல்வி நிலையங்களில் இன்னும் நெருக்கமாக அமர்ந்திருக்கின்றனர்.

செலவுக்கு உதவும் பொருட்டு நானும் வாரத்தில் மூன்று மாலைகள் கொட்டாஞ்சேனையில் சிறுவர்க்குத் தமிழும் வரலாறும் கற்பிக்கிறேன். வருவோர் பெரிய பாடசாலைகளின் மாணவரே. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒரு பந்தியை வாசிக்கத் திணறுவதைக் கண்டு முதலில் வியந்தேன். நாற்பத்தைந்து பேருள் ஒருவராய்ப் பின்வரிசையில் அமர்ந்து, ஆசிரியரின் கண்ணிற் படாமலே ஆறு வகுப்புகளைக் கடந்து வந்துவிட்ட பிள்ளை அது. ஏழு பேருள் ஒருவராக இருந்திருந்தால் அவ்வாறு ஒளிந்திருக்க முடியாது. பெரிய கல்லூரியின் சிறந்த பெறுபேற்றிற்குப் பின்னால் கல்லூரியின் உழைப்பு எவ்வளவு, பெற்றோரின் பணம் எவ்வளவு, தனியார் வகுப்பு எவ்வளவு என்று பிரித்தறிய எந்த அட்டவணையும் உதவுவதில்லை. ஆனால் அந்தப் பெறுபேற்றோடுதான் ஊர்ப் பாடசாலையின் பெறுபேறு ஒப்பிடப்படுகிறது.

சிறு பாடசாலைகளை அருகிலுள்ள பாடசாலைகளோடு இணைத்துவிடலாம் என்ற யோசனை நெடுங்காலமாகவே இருந்து வருகிறது. அண்மைய கல்விச் சீர்திருத்த உரையாடல்களிலும் அது இடம்பெற்றது. இதனை எடுத்த எடுப்பில் மறுத்தல் நேர்மையாகாது. பிள்ளைக்குப் பாடம் மட்டும் போதாது; விளையாடத் தோழர் வேண்டும். வகுப்பில் ஒரே பிள்ளையாக அமர்ந்திருப்பது ஒருவகைத் தனிச்சிறை. இரண்டு சிறு பாடசாலைகள் அரை மைல் இடைவெளியில் நின்று, இரண்டிலும் ஆங்கில ஆசிரியர் இல்லையென்றால், ஒன்றாகிப் பயன்பெறுதல் அறிவுடைமை. மேலும், நம் பிரதேசத்தில் சில பாடசாலைகள் அருகருகே நிற்பதற்குச் சமயப் போட்டி மட்டுமன்றிச் சாதியும் காரணம் என்பதை மறைப்பதிற் பயனில்லை. 1930ஐ அடுத்த ஆண்டுகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்ற விதி வந்தபோது பாடசாலைகள் தீக்கிரையான வரலாறு யாழ்ப்பாணத்துக்கு உண்டு. எங்கள் தீவிலேயே, ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் விளங்கிய மு. தளையசிங்கம் 1971இல் ஒடுக்கப்பட்டோரின் தண்ணீர் உரிமைக்காகப் போராடித் துன்புற்றார். ‘அவர்களுடைய பள்ளி, எங்களுடைய பள்ளி’ என்ற பிரிவினாற் சிறுத்துப்போன பாடசாலைகள் இருக்குமாயின், அவற்றை இணைத்தலே நீதி.

ஆகவே இணைப்பதா, காப்பதா என்பதை மாணவர் தொகை என்ற ஒற்றை எண்ணிடம் ஒப்படைக்கக் கூடாது என்பதே என் வாதம். கேட்கவேண்டிய முதல் வினா, மிகவும் வறிய வீட்டுப் பிள்ளை புதிய பாடசாலைக்கு எவ்வாறு போகும் என்பதாகும். வரைபடத்தில் மூன்று கிலோமீற்றர் சிறிய தூரம். வெறுமையான வட்டாரங்களினூடே, கூரையிழந்த வீடுகளும் பற்றைக்காடுகளும் சூழ்ந்த ஒழுங்கைகளில் எட்டு வயதுப் பெண்பிள்ளைக்கு அது சிறிய தூரமன்று. 2015 மே மாதத்தில் எங்கள் தீவில் பாடசாலைக்குப் புறப்பட்ட உயர்தர மாணவி ஒருத்தி வழியிலே கொடூரமாகக் கொலையுண்டாள். நாடே அதிர்ந்த அந்நிகழ்வைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்த நாட்களில் தாயார் என்னைக் கட்டியணைத்து அழுததும், ஊரில் மச்சாள்மார் பல நாட்கள் பாடசாலைக்கு அனுப்பப்படாமல் வீட்டில் இருந்ததும் நினைவில் உள்ளன. ஆளரவமற்ற ஊரில் பாடசாலையின் தூரம் ஒரு பிள்ளையின் உயிர்ப் பாதுகாப்பைப் பற்றிய விடயமாகும். பிள்ளைகளை ஏற்றிச் செல்ல ஒழுங்கான வாகனம், அதில் ஒரு பொறுப்பாளர், அது பழுதாகும் நாளுக்கு மாற்று ஏற்பாடு ஆகியன உறுதிசெய்யப்படாமல் பாடசாலையொன்றை மூடுவது, சில பிள்ளைகளின் கல்வியையே மூடுவதாய் முடியும். ஐந்து முதல் பதினான்கு வயது வரையிலான கட்டாயக் கல்வி 1998 முதல் நடைமுறையில் இருந்து, 2016இல் பதினாறு வயது வரை நீட்டப்பட்டது. பிள்ளையைக் கட்டாயம் அனுப்பு என்று பெற்றோருக்குச் சொல்லும் சட்டம், சென்றடையக்கூடிய தூரத்தில் பாடசாலை வைத்திருக்கும் கடமையையும் அரசின்மீது சுமத்துகிறது என்றே நான் கொள்கிறேன்.

சரி, மாணவர் குறைந்த பாடசாலை நல்ல பாடசாலையாக இருக்க இயலுமா? இயலும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. தென்னமெரிக்காவின் கொலம்பியாவில் 1970களின் நடுப்பகுதியில் ‘புதிய பாடசாலை’ என்னும் பொருள்படும் எஸ்குவெலா நுவேவா இயக்கம் மலைநாட்டுச் சிறு பள்ளிகளிலே தோன்றியது. ஓர் ஆசிரியர் பல வகுப்புகளைக் கற்பிப்பது தவிர்க்கவியலாதது என்றால், அதற்கென்றே பாடநூலை அமைப்போம் என்று அவர்கள் முடிவுசெய்தனர். பிள்ளை தன் வேகத்தில் தானே முன்செல்லத்தக்க கற்றல் வழிகாட்டிகள், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு உதவும் ஒழுங்கு, பெற்றோரின் பங்கு ஆகியன அதன் தூண்கள். ஆந்திரப் பிரதேசத்தின் ரிஷிவேலியைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் இதற்கொப்பான முறை, பாட அட்டைகளைப் படிக்கட்டுப்போல் அடுக்கி, ஒற்றை ஆசிரியர் பள்ளிகளுக்கென உருவாக்கப்பட்டது. தமிழ்நாட்டு அரசு பின்னர் தன் தொடக்கப் பள்ளிகளில் புகுத்திய செயல்வழிக் கற்றல் அங்கிருந்தே ஊக்கம் பெற்றது. எங்கள் ஆசிரியை மூன்று கரும்பலகைகளுக்கிடையே தம் கால்களால் தேடிக்கொண்ட வழியை, அந்நாடுகளில் பாடநூலும் பயிற்சியும் கொடுத்து ஒரு முறைமையாக்கினர். நம் நாட்டில் ஆசிரியர் கற்கும் முறை ‘ஒரு வகுப்பு, ஓர் ஆசிரியர், ஒரு பாடவேளை’ என்பதையே பெரிதும் எடுகோளாகக் கொண்டது. சிறு பாடசாலைக்குச் செல்லும் ஆசிரியர் தாம் கற்றதைப் பயன்படுத்த இயலாமல் தவிக்கின்றார்.

எங்கள் ஊரவர் பாடசாலையை மறந்துவிட்டனர் என்று எவரும் கூறமுடியாது. வெளிநாடுகளில் உள்ள பழைய மாணவர் ஒன்றுகூடி அனுப்பிய பணத்தில் வாயில் வளைவு எழுந்தது; கணினிகள் வந்தன; மேடைக்கு வண்ணம் பூசப்பட்டது. அவர்களின் அன்பில் ஐயமில்லை. எனினும் அக்கணினிகளைக் கற்பிக்க ஆள் இல்லாமல் அலுமாரியிற் பூட்டி வைத்திருந்ததைச் சென்ற ஆண்டு ஊருக்குச் சென்றபோது கண்டேன். கொடுப்போர், காணக்கூடியதைக் கொடுக்க விரும்புகின்றனர். பாடசாலைக்கு வேண்டியதோ, ஆசிரியர் ஒருவர் இரவு தங்கி மறுநாள் காலை வெளிச்சத்தில் நடந்து வரத்தக்க ஒரு நல்ல விடுதி. பாதுகாப்பான மதில், குடிநீர், மின்விசிறி, தம்பதியர்க்கு ஒரு சிறு வீடு. முன்னைய தலைமுறையில் வாத்தியார் வீடு என்று ஊரிலே ஒரு வீடு இருக்கும். கடிதம் எழுதுவிக்கவும், காணிச் சண்டை தீர்க்கவும், பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்கவும் அவ்வீடு திறந்திருக்கும். ஆசிரியர் ஊரில் வாழ்ந்தமையால் பிள்ளையின் வீட்டை அறிந்திருந்தார். பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகும் ஆசிரியர் எத்துணை நல்லவராயினும், பிள்ளையின் வீட்டை அறியும் வாய்ப்பு அவருக்கில்லை. ஊர்ப் பாடசாலையின் தரத்தை நிர்ணயிப்பது எது என்று என்னைக் கேட்டால், ஆசிரியர் இரவில் எங்கே உறங்குகிறார் என்பதே என்று விடை கூறுவேன்.

இவ்விடத்தில் இதழை வாசிக்கும் நண்பர்களை நோக்கி ஒரு சொல். கலைப்பீடத்தில் பயிலும் நம்முட் பலர் நாளை ஆசிரியர்களாவோம். முதல் நியமனம் பெரும்பாலும் கஷ்டப் பிரதேசத்திற்குக் கிடைக்கும். நியமனக் கடிதம் பெற்ற நாளிலிருந்தே இடமாற்றத்துக்கு யாரைப் பிடிப்பது என்று எண்ணத் தொடங்குவது நம் சமூகத்தின் வழக்கமாகிவிட்டது. மேடைகளிலே தாயகம், மண், மொழி என்று உருகிப் பேசும் நாம், அந்த மண்ணில் எஞ்சியிருக்கும் முப்பது பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க மூன்று ஆண்டுகள் அங்கே தங்குவோமா என்பதே நம் பேச்சின் உரைகல்.

இதனை எழுதுவது எளிது. வாழ்வது எளிதன்று என்பதையும் அறிவேன். எங்கள் பாடசாலையை இணைப்பது பற்றிய பேச்சு ஊரில் எழுந்துள்ளது. மச்சாளின் மகன் இப்போது அங்கே இரண்டாம் வகுப்பிற் படிக்கிறான். பாடசாலை மூடப்பட்டால் தானும் ஊரைவிட வேண்டியிருக்கும் என்று மச்சாள் தொலைபேசியிற் சொன்னார். பட்டம் பெற்றதும் தீவக நியமனத்துக்கு விண்ணப்பித்து ஊரிலேயே தங்கிப் படிப்பிக்க விரும்புகிறேன் என்று தாயாரிடம் கூறினேன். அவர் சமைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். “பிள்ளை, உன்னை அங்கேயிருந்து கொண்டுவர நாங்கள் பட்ட பாடு உனக்குத் தெரியுமோ? பொம்பிளைப் பிள்ளை தனிய அந்த ஊரிலை எப்பிடி இருப்பாய்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை அச்சமென்று தள்ளிவிட எனக்கு இயலவில்லை. 2015ஐக் கண்ட தாய் கேட்கவேண்டிய கேள்வி அது. தனியே ஒருத்தி போனால் அது துணிச்சல் எனப்படும். ஊருக்கு அதனாற் கிடைக்கும் பயன் அற்பம். நால்வர் ஐவராகப் போய், ஒரே விடுதியில் தங்கி, அண்மையிலுள்ள மூன்று நான்கு பாடசாலைகளையும் பகிர்ந்துகொண்டால் அது ஓர் ஏற்பாடாகும். ஒரு பாடசாலைக்கு முழுநேர ஆங்கில ஆசிரியர் கட்டுப்படியாகாதென்றால், நான்கு பாடசாலைகளுக்கு ஒருவர் கட்டுப்படியாவார். சங்கீத ஆசிரியரும் கணினி ஆசிரியரும் அவ்வாறே. பிள்ளைகளை ஆசிரியரிடம் ஏற்றியிறக்குவதிலும் ஆசிரியரைப் பிள்ளைகளிடம் ஏற்றியிறக்குவது செலவு குறைந்தது, பாதுகாப்பும் மிகுந்தது.

தாயாருக்கு நான் கூறிய மறுமொழியும் இதுவே. அவர் இன்னும் இசையவில்லை. எத்தனை பேர் வருவார்கள் என்று மட்டும் கேட்டார். இந்தக் கட்டுரையை நம் சங்கத்தின் இதழுக்கு எழுத முனைந்ததன் நோக்கமும், அக்கேள்விக்கு ஓர் எண்ணைக் கண்டுபிடிப்பதேயாகும். இதுவரை என்னோடு இருவர் இசைந்துள்ளனர்: ஒருத்தி கிளிநொச்சியைச் சேர்ந்தவள், மற்றவள் கொட்டாஞ்சேனையிலே பிறந்து வளர்ந்து, தீவகத்தைக் கண்ணாலும் காணாதவள். நான்காமவரையும் ஐந்தாமவரையும் எதிர்பார்க்கிறேன்.